மகனின் தேநீர் இடைவேளையில் திறக்கும் வங்கி

முற்பகல் பத்தேகாலுக்கும் பத்தரைக்கும் இடையில்தான் என் சின்னம்மாவின் வங்கி திறக்கும். கிளையைச் சொல்லவில்லை, அது வழமைபோல ஒன்பது மணிக்கே திறந்துவிடும். அவருடைய பழைய மடிக்கணினியில் இருக்கும் இணைய வங்கிக் கணக்கைச் சொல்கிறேன். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அவர் பிழையில்லாமல் தட்டுவார்; முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் எழுதிய கை அது. அடுத்த திரையில், பதிவுசெய்யப்பட்ட கைப்பேசிக்கு அனுப்பிய ஆறு இலக்கங்களை உள்ளிடுமாறு வங்கி கேட்கும். சின்னம்மாவிடம் கைப்பேசி இல்லை. பதிவிலிருப்பது மகனின் இலக்கம். மகனோ கட்டுநாயக்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். வேலைத்தளத்துக்குள் கைப்பேசி கொண்டுபோக முடியாததால் காலையிலேயே அதைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறான். தேநீர் இடைவேளை பத்தேகாலுக்கு. அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் சின்னம்மா இங்கே பொத்தானை அழுத்த வேண்டும், அங்கே அவன் செய்தியைத் திறக்க வேண்டும், பிறகு வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்து ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல வேண்டும்.

சின்னம்மாவுக்கு இடது காது மந்தம். தொலைபேசியை வலது காதில் பிடித்துக்கொண்டு, நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறத்தில் இலக்கங்களை எழுதிக்கொள்வார். ஒருநாள் நான் பக்கத்தில் இருந்தேன். அவன் "ஏழு" என்றதை இவர் "ஆறு" என்று எழுதினார், திரை சிவந்தது. திருத்தி எழுதுவதற்குள் மூன்று நிமிடம் கடந்து அந்த எண் செத்துவிட்டது. மறுபடி கேட்டபோது அங்கே இடைவேளை முடிந்திருந்தது. அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் பேத்தியின் அறை வாடகை அன்று போகவில்லை. ஆகப்பெரிய வேடிக்கை, அந்தக் குறுஞ்செய்தியின் கடைசி வரிதான்: "இந்த எண்ணை எவருக்கும் தெரிவிக்க வேண்டாம்." தாய்க்கு வந்த எண்ணைத் தாய்க்கே தெரிவிப்பதற்காக அந்தக் கட்டளையை மகன் மாதத்தில் நான்கைந்து தடவை மீறுகிறான்.

எந்த வங்கி என்று எழுதப்போவதில்லை. வேறு வங்கிகளில் கணக்கு வைத்திருக்கும் அயலவர்களுக்கும் இதே கதைதான். நான் முல்லைத்தீவு மாவட்டத்தின் முள்ளியவளைப் பக்கத்தில் நிழற்படப் பிரதி, தட்டச்சு, இணையவழி விண்ணப்பம் என்று ஒரு சிறிய தொடர்பு நிலையம் நடத்துகிறேன். கைப்பேசி இல்லாத மனிதர்களை எண்ணிப் பார்க்காமலே கட்டப்பட்ட படிவங்களை நாள்தோறும் நிரப்புவது என் பிழைப்பு. 2022 இல் எரிபொருள் பங்கீட்டுக்கு கியூஆர் குறியீடு வந்தபோதும் சரி, 2023 இல் சமுர்த்தி நிவாரணத்தின் இடத்துக்கு அஸ்வெசும என்ற அரச உதவித்தொகை வந்தபோதும் சரி, என் முன்னால் இருந்த கதிரையில் வந்து அமர்ந்தவர்களிடம் நான் கேட்க வேண்டியிருந்த கேள்விகளுள் ஒன்று "போன் நம்பர் என்ன?" என்பதுதான்.

ஏன் கைப்பேசி வைத்துக்கொள்ளக் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஏ9 பிரதான வீதியோரத்தில் குடியிருப்பவர்கள். ஒட்டுசுட்டானிலிருந்து நெடுங்கேணிப் பக்கமாக உள்ளே போனால், வீட்டு முற்றத்தில் ஒரு கோடு, கிணற்றடியில் இரண்டு கோடு, வயல் வரம்பில் மூன்று கோடு என்று சமிக்ஞை இடத்துக்கு இடம் மாறும். அறைக்குள் எதுவும் வராது. சின்னம்மாவிடமும் ஒரு காலத்தில் கைப்பேசி இருந்தது. கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு சிறிய திரையைப் பார்த்தால் தலை இடிக்கிறது என்றார். இலட்சக்கணக்கில் பரிசு விழுந்திருக்கிறது என்று யாரோ இரவில் அழைத்துக் குழப்பியதும் அதை அணைத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டார். மீள்நிரப்பாமல் கிடந்த சிம் சில மாதங்களில் செயலிழந்தது. பெரிய திரையும் பெரிய விசைகளும் உள்ள மடிக்கணினியே அவருக்கு வசதி. அது பிடிவாதம் என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. தன் பணத்தைத் தன் கண்ணுக்கு வசதியான கருவியில் பார்க்க விரும்புவது ஓய்வூதியம் பெறும் ஓர் ஆசிரியையின் மிகச் சாதாரண உரிமை.

வங்கி எதைச் சோதிக்க விரும்புகிறது என்பது எனக்கு விளங்குகிறது. ஒருவர் தாம் இன்னார் என்று நிறுவுவதற்கு மூன்று வழிகள் உண்டு: அவருக்கு மட்டும் தெரிந்தது, அவரிடம் மட்டும் இருப்பது, அவராகவே இருப்பது. கடவுச்சொல் முதலாவது, விரல் அடையாளம் மூன்றாவது, நடுவில் இருக்கும் "அவரிடம் இருப்பது" என்ற இடத்தில் கைப்பேசி போய் அமர்ந்துகொண்டது. கடவுச்சொல்லை ஒருவன் திருடினாலும் பொருளையும் சேர்த்துத் திருட வேண்டியிருக்கும் என்பதால், இரண்டு வகைகளைச் சேர்த்துக் கேட்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பொருள் வேறொருவரின் சட்டைப் பையில் இருக்கும்போது அந்த ஏற்பாட்டின் அடித்தளமே கழன்றுவிடுகிறது. சின்னம்மாவின் கணக்கைப் பொறுத்தவரை இரண்டாவது சோதனை நிறுவுவது ஒன்றே ஒன்றைத்தான்: மகன் உயிரோடு இருக்கிறான், தேநீர் குடிக்கிறான்.

இதை அவருக்கு ஒருநாள் விளக்கிக்கொண்டிருந்தேன். "என்னட்ட இருக்கிறது எண்டு சொன்னால் இதுதான் தம்பி இருக்கு" என்று சொல்லி அலுமாரியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து வந்தார். அதற்குள் பழைய சேமிப்புப் புத்தகம், தேசிய அடையாள அட்டை, ஆசிரிய நியமனக் கடிதம். 2009 இல் புதுக்குடியிருப்பிலிருந்து மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்து வட்டுவாகல் கடந்து செட்டிகுளம் முகாம் வரைக்கும் இடுப்பில் கட்டிக்கொண்டு போன பை அது. புத்தகத்தின் ஓரங்கள் உப்புநீர் பட்டு விறைத்துப்போயிருக்கின்றன. மீள்குடியேறிய பின் வங்கிக்குப் போனபோது அந்தப் புத்தகத்தையும் கையொப்பத்தையும் முகத்தையும் பார்த்துவிட்டு அவருடைய கணக்கை மறுபடி உயிர்ப்பித்துக் கொடுத்தார்களாம். அந்த முகமும் கையொப்பமும் இன்றும் மாறவில்லை. மாறியது வங்கி கேட்கும் பொருள்.

குறுஞ்செய்தி அப்படி ஒன்றும் அசைக்க முடியாத பாதுகாப்பும் இல்லை. இதைக் கைப்பேசி வைத்திருப்பவர்களும் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவின் தேசிய நியமங்கள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2017 இல் வெளியிட்ட வழிகாட்டியில், தொலைபேசி வலையமைப்பு வழியாக எண் அனுப்பும் முறையைக் கட்டுப்பாட்டுக்குரிய வகையில் சேர்த்து, அதைப் பயன்படுத்துவோர் மாற்று வழியையும் தர வேண்டும் என்று எழுதியது. அதே 2017 இல் ஜேர்மனியில், தொலைபேசி நிறுவனங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பழைய சமிக்ஞை முறையின் ஓட்டையைப் பயன்படுத்தி, வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய குறுஞ்செய்திகளைத் தம் பக்கம் திருப்பிக் கணக்குகளிலிருந்து பணம் எடுத்தவர்கள் இருந்தார்கள். அவ்வளவு நுட்பம்கூட வேண்டாம். தொலைபேசி நிறுவனத்தை ஏமாற்றி உங்கள் இலக்கத்துக்கு இன்னொரு சிம் எடுத்துவிட்டால் எண்கள் எல்லாம் அங்கே போகும்.

எங்கள் ஊரில் நடப்பது இதைவிட எளிமையானது. கடைக்கு வரும் ஓர் அக்காவின் கணக்கில் இறந்துபோன கணவரின் இலக்கமே பதிவில் இருந்தது. அந்த சிம் நெடுநாள் பாவனையில் இல்லாததால் நிறுவனம் அந்த இலக்கத்தை வேறொருவருக்கு விற்றுவிட்டது. நாங்கள் அழைத்துப் பார்த்தபோது காலியிலிருந்து ஒருவர் சிங்களத்தில் மிகப் பண்பாகப் பேசினார். வங்கிச் செய்திகள் வருகின்றனவா என்று கேட்டோம். வருகின்றனவாம், ஒன்றரை வருடமாக.

கைப்பேசி இல்லாதவரையும் பாதுகாப்பாகச் சோதிப்பதற்கு ஏதோ பெரிய கண்டுபிடிப்பு வேண்டும் என்று எண்ண வேண்டாம். எங்கள் உறவினர்கள் பாதிப் பேர் அதைக் கையில் வைத்திருக்கிறார்கள். ஜேர்மனியில், ஹம் காமாட்சி அம்மன் கோயிலுக்கு அருகில் வசிக்கும் சித்தப்பா, முன்பெல்லாம் வங்கி தபாலில் அனுப்பிய எண்பட்டியலை வைத்திருந்தார். பணம் அனுப்பும் ஒவ்வொரு தடவையும் பட்டியலில் ஓர் எண் வெட்டுப்படும். அனுப்பும் தொகையோடும் பெறுபவரோடும் எண் பிணைந்திருக்க வேண்டும் என்ற ஐரோப்பிய விதி 2019 செப்டெம்பர் 14 இல் நடைமுறைக்கு வந்ததோடு அந்தக் காகிதப் பட்டியல் வழக்கொழிந்தது. ஆனால் அதன் இடத்தைக் கைப்பேசி மட்டும் பிடித்துக்கொள்ளவில்லை. சித்தப்பா ஒரு சிறிய கருவியை வாங்கி வைத்திருக்கிறார். வங்கி அட்டையை அதற்குள் செருகிக் கணினித் திரையில் மினுங்கும் கோடுகளுக்கு முன் பிடித்தால், யாருக்கு எவ்வளவு போகிறது என்பதைக் கருவியே காட்டிவிட்டு எண்ணையும் தரும். சிமும் இல்லை, கோபுரமும் இல்லை. பிரித்தானியாவிலும் இணைய வங்கிக்கு 2020 மார்ச் 14 முதல் இரட்டைச் சோதனையைக் கட்டாயமாக்கியபோது, கைப்பேசி இல்லாதவர்களுக்கும் வைத்துக்கொள்ள விரும்பாதவர்களுக்கும் சமிக்ஞை கிடைக்காத இடத்தில் இருப்பவர்களுக்கும் வேறு வழிகள் தரப்பட வேண்டும் என்று அந்நாட்டு நிதி நடத்தை அதிகாரசபை வங்கிகளிடம் எதிர்பார்த்தது. "வைத்துக்கொள்ள விரும்பாதவர்" என்பதை நான் இரண்டு தடவை வாசித்தேன். விருப்பமின்மையையும் ஒரு காரணமாக ஏற்கும் ஒழுங்குமுறை இருக்கிறது.

திறப்புக்கோர்வையில் தொங்கும் பொத்தான் அளவுக் கருவிகளும் உண்டு. அது எப்படி வேலை செய்கிறது என்று சின்னம்மா கேட்டபோது பஞ்சாங்கத்தை வைத்து விளக்கினேன். அவரிடம் ஒரு பஞ்சாங்கம், வங்கியிடம் அதே பஞ்சாங்கத்தின் இன்னொரு பிரதி. உலகத்தில் வேறு எவரிடமும் அந்தப் பதிப்பு இல்லை. இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கத்தைப் புரட்டினால் ஒரே எண்தான் தெரியும். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளத் தேவையில்லை. 2011 இல் வெளியான பொது நியமத்தின்படி அந்தப் பக்கம் முப்பது விநாடிக்கு ஒரு தடவை மாறுகிறது. கருவிக்குள் இருக்கும் இரகசிய எண்ணையும் கடிகார நேரத்தையும் சேர்த்துக் கணித்து ஆறு இலக்கங்கள் பிறக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு அடித்துப் பார்ப்பவனுக்குப் பத்து இலட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான். மூன்று பிழைக்குப் பின் வங்கி பூட்டிவிடும். "கடிகாரம் பிந்தினால்?" என்று கேட்டார். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் மாதிரி ஆகிவிடும், உங்களுக்கு ஒரு நேரத்தில் வருடம் பிறக்கும், வங்கிக்கு இன்னொரு நேரத்தில் பிறக்கும் என்றேன். நெடுநேரம் சிரித்தார். உண்மையில், சிறிய பிந்தலைப் பொறுத்துக்கொள்வதற்காக முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க அந்த நியமம் இடம் கொடுக்கிறது.

ஆகவே ஒரு கடிதம் எழுதினோம். சின்னம்மாவே தன் கையால், ஒன்றரைப் பக்கம், எழுத்துக் கூட்டலில் ஒரு பிழையில்லாமல் எழுதினார். தன்னிடம் கைப்பேசி இல்லை என்றும், எண் உருவாக்கும் கருவி ஒன்றைத் தந்தால் அதற்குரிய கட்டணத்தைச் செலுத்த ஆயத்தம் என்றும், அது இயலாவிட்டால் வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்து எண்ணைக் குரலில் சொல்ல ஏற்பாடு செய்யலாம் என்றும் கேட்டிருந்தார். பதிவுத் தபாலில் அனுப்பினோம். பதினொரு நாளுக்குப் பிறகு, கோரிக்கை கிடைத்தது என்ற பதில் குறுஞ்செய்தியாக வந்தது. மகனுக்கு.

அதன் பிறகுதான் ரௌட்டரின் நினைவு வந்தது. வீட்டுக்குள் கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காவிட்டாலும், கூரையில் அலைவாங்கி பூட்டி இழுத்திருக்கும் ரௌட்டருக்கு இணையம் தாராளமாக வருகிறது. அந்த ரௌட்டருக்குள்ளும் ஒரு சிம்தான் இருக்கிறது. சிம்முக்கு ஓர் இலக்கம் இருக்கிறது. இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி வந்தால் அது எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். மடிக்கணினியில் ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தோம். ஓர் ஓரத்தில் சிறிய கடித உறை. அழுத்தினால், டேட்டா பொதிகளை வாங்கச் சொல்லும் விளம்பரங்கள் இருநூறுக்கு மேல், யாரும் வாசிக்காமல் குவிந்து கிடந்தன. என் கைப்பேசியிலிருந்து "சின்னம்மா" என்று ஒரு செய்தி அனுப்பினேன். பக்கத்தைப் புதுப்பித்தபோது வரிசையின் உச்சியில், பெரிய எழுத்தில், அவருடைய கண்ணுக்குத் தெரியும் அளவில் அது வந்து நின்றது. (இதைச் செய்து பார்ப்பவர்கள் ரௌட்டரோடு வந்த கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள், இல்லாவிட்டால் வீட்டு வைஃபையில் இணையும் எந்தப் பிள்ளையும் உங்கள் வங்கி எண்களை வாசிக்கலாம். எல்லா ரௌட்டரிலும் இந்த வசதி இருக்காது.)

இலக்கத்தை மாற்றுவதற்கு இரண்டு பேருந்து ஏறிக் கிளைக்குப் போனோம். அடையாள அட்டையையும் புத்தகத்தையும் பார்த்த பெண் உத்தியோகத்தர் மிகவும் அன்பானவர். படிவத்தையும் அவரே நிரப்பித் தந்தார். பிறகு, மாற்றத்தை உறுதிப்படுத்தப் பழைய இலக்கத்துக்கு ஓர் ஓ.ரி.பி. (அதே ஆறு இலக்க எண்தான்) போகும், அதைச் சொல்லுங்கள் என்றார். அப்போது நேரம் பதினொன்று நாற்பது. கணக்கின் உரிமையாளர் கண்ணெதிரே நிற்கிறார், மூலப் பிரதிகள் மேசையில் கிடக்கின்றன, ஆனால் கட்டுநாயக்காவில் ஒரு பெட்டகம் பூட்டியிருப்பதால் அவர் அவராக இல்லை. மறுபடி ஒருநாள் பத்தேகாலுக்குச் சரியாகப் போய் நின்றோம். அன்று இன்னொரு சிக்கல்: சிம் மருமகனின் பெயரில் இருந்தது, கணக்கு உரிமையாளரின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்றார்கள். அந்த நிபந்தனை சரியானது என்றே எண்ணுகிறேன். மகனின் இலக்கத்தைப் பதியும்போது அதை எவரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. சிம்மைச் சின்னம்மாவின் பெயருக்கு மாற்றி, மூன்றாம் தடவை போய்த்தான் வேலை முடிந்தது.

இப்போது அவர் தனக்கு வசதியான நேரத்தில் கணக்கைத் திறக்கிறார். மின்சாரம் நின்றால் ரௌட்டரும் நிற்கும், ஓ.ரி.பி.யும் நிற்கும், அன்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு பேருந்துக்குப் போவார். கருவிக்கான கோரிக்கை இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

இதையெல்லாம் வங்கியின் குறையாகவே எழுதிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. சின்னம்மாவின் வேலை முடிந்த இரவு என் கைப்பேசியில் பழைய செய்திகளைப் புரட்டிப் பார்த்தேன். கடந்த சில வருடங்களில், படிவத்தில் கைப்பேசிக் கட்டத்தை வெறுமையாக விட முடியாது என்று தெரிந்ததும், கதிரையில் அமர்ந்திருந்தவர் "உன்ர நம்பரைப் போட்டுவிடு தம்பி" என்று சொன்னதும், நானும் உதவி என்று நினைத்து என் இலக்கத்தை எழுதியிருக்கிறேன். பதினொரு பேரின் கணக்குகளில் அது இருக்கிறது. யாருக்கு எப்போது எவ்வளவு வந்தது, யார் நகை அடகு மீட்டார், யாருடைய மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டான் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். என் கைப்பேசி தொலைந்தாலோ என் மனம் கெட்டாலோ அந்தப் பதினொரு பேருக்கும் ஒரே நாளில் கேடு. ஒருவர்கூட என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

ஏழு பேரை ஒவ்வொருவராகக் கிளைக்கு அழைத்துச் சென்று மாற்றிவிட்டேன். பிள்ளைகளின் இலக்கம் உள்ளவர்கள் அதையும், சொந்த சிம் எடுக்க இணங்கியவர்கள் அதையும் பதிந்தார்கள். மற்ற நால்வருக்கும் வேறு இலக்கம் இல்லை, ரௌட்டரும் இல்லை. நேற்றிரவு ஒன்பது மணிக்கு என் கைப்பேசி அதிர்ந்தது: அவர்களில் ஒருவரான ஐயாவின் கணக்கில் அஸ்வெசும வரவு. காலையில் கடை திறப்பதற்கு முன் சைக்கிளில் அவருடைய வாசலுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.